15 அடி வேகப் படகுக்கு எந்த அவுட்போர்டு? 60, 70 எச்பி-யில் ஒரு தேர்வு

பாஸ்டன் வேலர் 15 மாதிரியான சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்துதான் ஆகவேண்டும். 40 வருடம் கழித்தும் படகின் உடல் கல் மாதிரி இருக்கும். பின்னால் தொங்கும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினில்தான் கம்ப்ரஷன் போயிருக்கும், பாகமும் கிடைக்காது. புது இன்ஜின் தேடும்போது முதலில் எச்பி-யைப் (குதிரைத்திறனை) பார்க்கிறார்கள், பிறகு பிராண்டை, எல்லாம் முடிந்த பிறகு எடையை. அந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதித் தவறுகள் குறையும்.

இந்தப் படகின் நீளம் 15 அடி 3 அங்குலம், அகலம் ஏறக்குறைய 5 அடி 8 அங்குலம். வெறும் உடல் சுமார் 500 பவுண்டுதான் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும், இன்ஜின் வரம்பைச் சொல்லும் தகடு 70 எச்பி வரை அனுமதிக்கிறது. அந்தக் காலத்தில் இதில் மாட்டிய மூன்று சிலிண்டர் ஜான்சன், எவின்ரூட் 70 எச்பி இன்ஜின்களின் எடை 113 கிலோ சுமாருக்கு இருந்தது. அந்த எடையை மனதில் வைத்துத்தான் படகு தண்ணீரில் உட்காரும் விதம் அமைந்திருக்கிறது. இன்றைக்கு மெர்குரியின் 75, 90, 115 ஃபோர்-ஸ்ட்ரோக் மூன்றும் ஒரே 2.1 லிட்டர் பிளாக். மூன்றுக்கும் எடை 163 கிலோவில் தொடங்குகிறது. யமஹா எஃப்90-யும் 160 கிலோ.

கூடுதலாக வரும் அந்த 50 கிலோ, ஓர் ஆள் நிரந்தரமாகப் பின்பலகை (இன்ஜின் மாட்டும் பின்சுவர்) மேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். நங்கூரம் போட்டு நிற்கும்போது பின்பக்க வடிகால் துளை நீர்மட்டத்துக்குக் கீழே போய், உள்ளே தண்ணீர் ஏறும். வேகத்திலிருந்து திடீரெனக் குறைத்தால், தொடர்ந்து வந்த அலை பின்பலகையின் வெட்டு வழியாக உள்ளே விழும். கிளப்பும்போது படகின் முன்முனை வானத்தைப் பார்க்கும். ஓட ஆரம்பித்த பிறகு முனை ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓயாமல் குதிக்கும். டிரிம்மை (இன்ஜினின் சாய்வுக் கோணத்தை) உள்ளே இழுத்தால் குதிப்பு நிற்கும், கூடவே வேகமும் போய்விடும். 90 எச்பி-க்குக் கொடுத்த காசு அங்கே கரைகிறது.

தகட்டைத் தாண்டக்கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி, படகின் நீளத்தையும் பின்பலகை அகலத்தையும் அடியில் பெருக்கச் சொல்கிறது. ஸ்டீரிங் சக்கரமும் 20 அங்குல உயரப் பின்பலகையும் உள்ள படகுக்கு, வந்த எண்ணை இரட்டித்து 90 கழித்தால் எச்பி உச்சவரம்பு. உதாரணத்துக்கு, ஒரு படகின் நீளம் 15 அடி, பின்பலகை அகலம் 5 அடி என்றால் 75. இரண்டு மடங்கு 150. 90 போனால் 60 எச்பி. தகட்டை மீறுவதைச் சில மாநிலங்கள் குற்றமாகவே வைத்திருக்கின்றன. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் முதலில் பார்ப்பதும் அந்தத் தகட்டைத்தான்.

பழைய 70-ஐ எடுத்துவிட்டுப் புது 60 போட்டால் சோப்ளாங்கி ஆகிவிடுமே என்று பயப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1980-களின் நடுப்பகுதி வரை எச்பி-யை இன்ஜின் தலையில் அளந்தார்கள். அதன்பிறகு ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் அளக்கிறார்கள், கியரில் போகும் இழப்பு போக மிச்சம் வருவதை. ஆகவே 1970-களின் 70-க்கும் இன்றைய 60-க்கும் உள்ள தூரம், எண்ணில் தெரிவதைவிடக் குறைவு.

சரி, இன்ஜின்களுக்கு வருவோம்.

எங்கள் முதல் தேர்வு யமஹா எஃப்70. 2010 மாடலாக வந்தது. 996 சிசி, நான்கு சிலிண்டர், ஒற்றை கேம், 16 வால்வு, எடை சுமார் 116 கிலோ. பழைய ஜான்சன் 70-இன் எடையிலேயே அதே எச்பி-யை ஷாஃப்ட்டில் தருகிற ஃபோர்-ஸ்ட்ரோக். இந்தப் படகுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. முழுத் திராட்டிலில் 5300 முதல் 6300 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) வரை ஓடலாம், கியர் விகிதம் 2.33, அதாவது ப்ரொப்பல்லர் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் 2.33 சுற்று. சின்னப் பிளாக்கிலிருந்து 70 எச்பி பிழிவதால் இது உயர் ஆர்பிஎம்-இல் வாழும் இன்ஜின். 3000-க்குக் கீழே பெரிய இழுவை எதிர்பார்க்க வேண்டாம். நான்கு பேரை ஏற்றி, தண்ணீர் ஸ்கீயில் ஒருவரை இழுக்கவேண்டும் என்றால் பிட்ச் (ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம், அங்குலத்தில்) குறைந்த ப்ராப், அதாவது ப்ரொப்பல்லர், ஒன்றைத் தனியாக வைத்திருப்பது நல்லது. தவறான ப்ராப்போடு வரும் எஃப்70-ஐ ஓட்டிப் பார்த்துவிட்டு, இன்ஜினே மந்தம் என்று சொல்பவர்கள் நிறைய.

மெர்குரி 60 ஃபோர்-ஸ்ட்ரோக் அடுத்தது. 995 சிசி, நான்கு சிலிண்டர், 112 கிலோ, 5500 முதல் 6000 ஆர்பிஎம். இதில் இரண்டு வகை கியர்பெட்டி உண்டு, வாங்கும்போது ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சாதாரண வகையில் விகிதம் 1.83, பெட்டி ஒல்லியானது, தண்ணீரின் எதிர்ப்பு குறைவு. கமாண்ட் த்ரஸ்ட் என்ற வகையில் விகிதம் 2.33, பெட்டி பெரிது, ப்ராப்பும் பெரிது. அது பான்டூன் (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் உள்ள படகு) மாதிரி கனமான படகுக்கு. கடைக்காரர் ஸ்டாக்கில் இருக்கிறது, வித்தியாசம் ஒன்றுமில்லை என்று கமாண்ட் த்ரஸ்ட்டை நீட்டினால் மறுத்துவிடுங்கள். 15 அடி லேசான வேகப் படகுக்கு ஒல்லிப் பெட்டிதான் பொருத்தம்.

சுசூகி டிஎஃப்60ஏ மூன்று சிலிண்டர், 941 சிசி, இரட்டை கேம், 104 கிலோ. எஃப்70-ஐவிட 12 கிலோ லேசு. கேம் ஓடுவது டைமிங் செயினில், பெல்ட் மாற்றும் தொல்லை இல்லை. எரிபொருள் சிக்கனத்துக்கு நல்ல பெயர். 10 எச்பி குறைவு என்பதை வேகத்தில் உணர்வீர்கள், ஆனால் படகு பின்னால் உட்காராது. பெட்ரோல் டாங்க், பேட்டரி இரண்டையும் பின்னாலேயே வைத்திருப்பவர்களுக்கு இதுவே எஃப்70-ஐவிட நல்ல விடை. ஹோண்டா பிஎஃப்60 998 சிசி, சுமார் 110 கிலோ, கியர் 2.07. குறை சொல்ல ஒன்றுமில்லை. டோஹாட்சு 60, 866 சிசி மூன்று சிலிண்டரில் 100 கிலோவுக்குக் கீழே நிற்கிறது. எடை ஒன்றுதான் கவலை என்றால் அதுதான்.

பழைய நினைவில் டூ-ஸ்ட்ரோக் தேடுகிறவர்களுக்கு: எவின்ரூட் ஈ-டெக் உற்பத்தி 2020-இல் நின்றுவிட்டது. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தாலும் இன்ஜெக்டரும் கட்டுப்பாட்டுக் கணினியும் போனால் எங்கே கிடைக்கும் என்பதை முதலில் விசாரியுங்கள்.

இனி எண்கள். படகு எவ்வளவு வேகம் போகும் என்பதை வாங்குவதற்கு முன்பே ஓரளவு கணக்குப் போடலாம். எச்பி-யை மொத்த எடையால் (பவுண்டில்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, லேசான வேகப் படகுக்கு 180-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை மைல் என்று வரும். உடல் 500, எஃப்70 257, 12 கேலன் பெட்ரோல் 73, இரண்டு பேர் 350, பேட்டரி நங்கூரம் சாமான் 100. மொத்தம் 1280 பவுண்டு. 70 எச்பி-க்கு விடை 42 மைல், அதாவது 68 கிலோமீட்டர் சுமார். சுசூகியின் எடையில் 60 எச்பி என்றால் 39 மைலைத் தாண்டி நிற்கும். 160 கிலோ எடையுள்ள 90 போட்டால் கணக்கு 46 மைல் காட்டும். தகட்டை மீறி, பின்பலகையை அமுக்கி, 4 மைல். அதிலும் அந்த 180 என்ற எண் படகு சமநிலையில் ஓடினால் வருவது. குதிக்கும் படகுக்கு அது கிடைக்காது.

அடுத்தது ப்ராப். ஆர்பிஎம்-ஐ பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தாலும் 1056-ஆலும் வகுத்தால், சறுக்கலே (ப்ராப் தண்ணீரில் நழுவும் இழப்பு) இல்லாத வேகம் மைலில் வரும். மெர்குரி 60-இல் 6000 ஆர்பிஎம், 14 பிட்ச், 1.83 விகிதம்: 43.5 மைல். 10 சதவீதம் சறுக்கல் போனால் 39. எஃப்70-இல் 6300, 17 பிட்ச், 2.33 விகிதம்: அதே 43.5, சறுக்கல் 7 சதவீதம் என்று வைத்தால் 40.5. ஓர் இன்ஜினில் 14 ஓடுகிறது, இன்னொன்றில் 17 ஓடுகிறது, வேகம் கிட்டத்தட்ட ஒன்று. பழைய இன்ஜினில் ஓடிய ப்ராப்பின் பிட்ச்சை அப்படியே புதியதற்கும் கேட்பவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். பிட்ச் ஓர் அங்குலம் மாறினால் முழுத் திராட்டிலில் 150 முதல் 200 ஆர்பிஎம் மாறும். வழக்கமான சுமையோடு ஓட்டும்போது அனுமதித்த எல்லையின் மேல் பாதியில் முள் நிற்கும்படி ப்ராப்பைத் தேர்ந்தெடுங்கள். எல்லைக்குக் கீழேயே நின்றால் இன்ஜின் திணறுகிறது என்று அர்த்தம். நாளெல்லாம் அப்படி ஓட்டினால் கார்பன் படியும், பிஸ்டனுக்கு வெப்பம் ஏறும்.

அலுமினிய ப்ராப்பா ஸ்டெயின்லெஸா? ஆழமில்லாத பாறைத் தண்ணீரில் ஓட்டினால் அலுமினியம் போதும், அடிபட்டால் அதுவே வளைந்து கியரைக் காப்பாற்றும். வேகம் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ். அதன் இதழ் மெல்லியது, சுமையில் வளையாது, விளிம்பில் உள்ள சின்னக் குழிவு இன்ஜினை மேலே தூக்கி மாட்டினாலும் தண்ணீரைக் கெட்டியாகப் பிடிக்கும். நடுவில் ப்ராப்பை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் ஹப் தேய்ந்து நழுவ ஆரம்பித்தால் வரும் அறிகுறி ஒன்று: கிளப்பும்போது ஆர்பிஎம் சரசரவென்று ஏறும், படகு நகராது, திராட்டிலை இறக்கி மெதுவாக ஏற்றினால் ஓடும். ஹப்பிலும் ப்ராப்பின் உள்வளையத்திலும் நேராக ஒரு பெயிண்ட் கோடு போட்டு வையுங்கள். ஓட்டிவிட்டு வந்து பார்க்கும்போது கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் ஹப் போய்விட்டது.

தகட்டில் 115 அனுமதி உள்ள 17, 18 அடிப் படகுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மெர்குரி 115 ப்ரோ எக்ஸ்எஸ் 2.1 லிட்டர், 163 கிலோ, 6300 ஆர்பிஎம் வரை போகும். யமஹா வி மேக்ஸ் எஸ்ஹெச்ஓ 115 1.8 லிட்டர், 171 கிலோ, விகிதம் 2.15. லேசான உடலுக்கு எங்கள் கை ப்ரோ எக்ஸ்எஸ் பக்கம் போகிறது: பெரிய பிளாக், குறைந்த எடை. இதிலும் கமாண்ட் த்ரஸ்ட் வகை உண்டு, 2.38 விகிதம். சாதாரண வகை 2.07.

இனி பின்பலகை. இன்ஜின் எவ்வளவு நல்லதானாலும் தொங்குவது இதில்தான். வேலர் படகில் ஃபைபர் தோலுக்குள் ஃபோம், பின்பலகையில் மரப்பலகை. பழைய இன்ஜினை இறக்கியதும் போல்ட் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக, மெத்தென்று இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் டக் டக் என்று கெட்டியாகக் கேட்கும், இற்ற இடத்தில் தொப்பென்று அடங்கும். சந்தேகம் இருந்தால் புது போல்ட் வரப்போகிற இடத்திலேயே 6 மில்லி துளை ஒன்று போடுங்கள். டிரில் பிட்டில் சுருள் சுருளாக வெளிர்நிற மரம் வந்தால் நல்லது. காபி டிகாஷன் நிறத்தில் ஈரச் சகதி பிட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால், துளையிலிருந்து பழுப்புத் தண்ணீர் கசிந்தால், மரம் போய்விட்டது. அதன்மேல் 116 கிலோவைப் போல்ட் போட்டு முறுக்கினால் வாஷர் ஃபைபருக்குள் பதியும், சில மாதத்தில் வெடிப்பு ஓடும்.

இன்றைய போல்ட் அமைப்பு எல்லா பிராண்டுக்கும் பொது. மேல் துளைகளுக்கு நடுவே 12⅞ அங்குலம், கீழ்த் துளைகளுக்கு நடுவே 9⅞ அங்குலம், மேலுக்கும் கீழுக்கும் 8 அங்குலம். பழைய இன்ஜினின் துளைகள் இதற்கு ஒத்துவராமல் அரை அங்குலம் தள்ளியிருந்தால், அவற்றை இழுத்துப் பெரிதாக்கக் கூடாது. கொஞ்சம் பெரிதாகக் குடைந்து, உலரவிட்டு, எபாக்ஸியால் முழுவதும் நிரப்பி, புதிதாகத் துளை போடுங்கள். துளையின் உள்சுவரில் எபாக்ஸி தடவிய பிறகே போல்ட் நுழையவேண்டும். சீலன்ட்டுக்கு, பிறகு கழற்ற முடிகிற வகையை எடுங்கள். நிரந்தரப் பசை மாதிரி ஒட்டும் வகை போட்டால் அடுத்த முறை இன்ஜினை இறக்கும்போது ஃபைபரும் சேர்ந்து உரிந்து வரும்.

எந்த உயரத்தில் மாட்டுவது? போல்ட் துளைகள் முக்கால் அங்குல இடைவெளியில் இருக்கும். ப்ராப்புக்கு மேலே கிடைமட்டமாக நீட்டியிருக்கும் தட்டு, படகின் அடிவிளிம்பை நேர்கோட்டில் நீட்டினால் அதற்கு ஓர் அங்குலம் மேலே வரும்படி தொடங்குங்கள். வேகத்தில் ஓடும்போது பின்னால் எட்டிப் பாருங்கள். அந்தத் தட்டின் மேற்பரப்பு தெரியவேண்டும், அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் வழுக்கி ஓடவேண்டும். தட்டு முழுக்கத் தண்ணீருக்குள் புதைந்து, நடுக்கால் பகுதியிலிருந்து விசிறி மாதிரி தண்ணீர் அடித்தால் இன்ஜின் தாழ இருக்கிறது. ஒரு துளை ஏற்றுங்கள். ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் திருப்பத்தில் ப்ராப் காற்றை உறிஞ்சும், இன்ஜின் கத்தும். அப்போது ஒரு துளை இறக்கினால் அதுதான் உங்கள் படகின் இடம். உயர்த்தி மாட்டியவர்கள் தண்ணீர் அழுத்த மானி ஒன்று கட்டாயம் போடவேண்டும். குளிரூட்டும் தண்ணீர் நுழையும் துளை காற்றைக் குடித்தால் ஒருசில நிமிடத்தில் இம்பெல்லர் (தண்ணீர் பம்ப்பின் சுழல் சக்கரம்) ரப்பர் கருகும். ஜாக் பிளேட் (இன்ஜினைப் பின்பலகையிலிருந்து தள்ளி, ஏற்றி இறக்கி மாட்டும் சட்டம்) இந்த நீளப் படகுக்கு வேண்டாம். அதன் எடையும், இன்ஜினைப் பின்னால் தள்ளும் தூரமும் சேர்ந்து, நாம் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்த கிலோக்களைத் திருப்பி ஏற்றிவிடும்.

எடையை முன்னால் நகர்த்த இன்னொரு வழி, பேட்டரியை ஸ்டீரிங் மேடைக்குள் கொண்டுபோவது. கேபிள் நீளும், ஆகவே தடிமனும் கூடவேண்டும். மெல்லிய கேபிளோடு நீட்டினால் ஸ்டார்ட்டர் சுழலும்போது மின்னழுத்தம் சரிந்து, இன்ஜின் கணினி எரர் காட்டும். பழைய எரிபொருள் ஹோஸ், பம்ப்பு பல்ப் (கையால் அழுத்தி எரிபொருள் ஏற்றும் ரப்பர் குமிழ்) இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து உரிக்கும். அந்தத் துகள் ஃபோர்-ஸ்ட்ரோக்கின் இன்ஜெக்டரை அடைக்கும். 10 மைக்ரான் நீர்பிரிப்பு ஃபில்டர் ஒன்றும் போடுங்கள்.

ஸ்டீரிங் கேபிள் பல வருடம் ஒரே இடத்தில் இருந்தால் உள்ளே கிரீஸ் இறுகி, குழாயோடு ஒட்டிக்கொள்ளும். புது இன்ஜின் விலையோடு ஒப்பிட்டால் கேபிள் சில்லறை, புதிதாகவே போடுங்கள். சக்கரத்தைப் பிடித்து அசைத்தால் இன்ஜின் அசைவதற்கு முன் அங்குலக்கணக்கில் ஆட்டம் இருக்கக்கூடாது. 40 மைல் வேகத்தில் அந்த ஆட்டம் படகை இடவலமாக உருட்டும், ஓட்டுபவர் அதைத் திருத்தப்போய் இன்னும் பெரிதாக்குவார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவசர நிறுத்தக் கயிறு. 26 அடிக்குக் குறைந்த படகு வேகமெடுத்து ஓடும்போது ஓட்டுபவர் இதை மாட்டியிருக்கவேண்டும் என்பது 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் சட்டம்.

முதல் ஓட்டத்தில் ஒரே ஆர்பிஎம்-இல் வைத்து நீண்ட நேரம் போகாதீர்கள். ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் பிஸ்டன் வளையம் சரியாக உட்காரும். மணிக்கணக்கு பிராண்டுக்கு பிராண்டு மாறும், கையேட்டைப் பின்பற்றுங்கள். யமஹாவிலும் சுசூகியிலும் முதல் ஆயில் மாற்றம் 20 மணி நேரத்தில். அன்றைக்கே நான்கு பின்பலகை போல்ட்டிலும் ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். ஒரு போல்ட் கால் சுற்று இறுகினால் வாஷரைச் சுற்றியுள்ள ஃபைபரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அதே போல்ட் அடுத்த 20 மணி நேரத்தில் மறுபடி இறுகினால் மரம் நசுங்குகிறது, இன்ஜினை இறக்கித் துளையைத் திறந்து பார்க்கவேண்டும்.